நெல்லை வெயிலுக்கு எந்த என்ஜின் ஆயில்: அளந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த அனுபவம்

ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய என் 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் இந்தக் கோடைக்கு முன் ஊற்றிய ஆயில், கத்திரி வெயில் முழுவதையும் கடந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிய பிறகும், ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியின் இரண்டு கோடுகளுக்கும் இடையே கால்பங்குதான் இறங்கியிருக்கிறது. சென்ற ஆண்டு இதே பருவத்தில், ஏறத்தாழ இதே தூரம் ஓடியபோது, அது பாதிக்கும் கீழே போயிருந்தது. வள்ளியூரிலிருந்து நான்குவழிச் சாலையில் வந்து வண்ணார்பேட்டை நெரிசலில் ஏசியோடு நிற்கும்போது ஆயில் விளக்கும் மினுங்கியது. அந்தக் கோடைக்கும் இந்தக் கோடைக்கும் நடுவே செய்த வேலைகளையும், அளந்த அளவுகளையும், ஆன செலவையும் வரிசையாக எழுதுகிறேன். சூடான ஊர்களில் கார் வைத்திருப்போருக்கு ஆயில் பற்றிக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி ‘கெட்டியானதை ஊற்று’ என்ற ஒற்றை வரியாகவே இருக்கிறது. அந்த வரி எவ்வளவு தூரம் சரி, எந்த இடத்தில் தவறுகிறது என்பதை ஒரு காரிலாவது எண்களாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

கார் ஓடும் விதத்தை முதலில் சொல்ல வேண்டும். ஆயில் தேர்வில் பாதி அதிலேயே முடிவாகிவிடுகிறது. வார நாட்களில் பாளையங்கோட்டைக்கும் மேலப்பாளையத்துக்கும் இடையே குறுகிய தூரம், அதுவும் என்ஜின் முழுச் சூட்டை எட்டும் முன்பே நிறுத்திவிடும் ஓட்டம். மாதத்தில் சில முறை நாங்குநேரி, வள்ளியூர் வழியாகத் தெற்கே நூறு கிலோமீட்டர் வேகத்தில் நீண்ட ஓட்டம். உறவினர் வீட்டுக்காகத் திசையன்விளைப் பக்கம், தேரிக்காட்டுச் செம்மணல் காற்றில் பறக்கும் சாலைகள். எப்போதாவது குடும்பத்தோடும் மூட்டைகளோடும் செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு ஏற்றம். குறுந்தூரம், புழுதி, வெயிலில் ஏசியோடு நின்றபடி ஓடுவது, சுமையோடு மலையேற்றம் ஆகிய நான்குமே பெரும்பாலான கார்க் கையேடுகளில் ‘கடினமான பயன்பாடு’ என்ற தலைப்பின்கீழ் வருபவை. நம் மாவட்டத்தில் ஓடும் கார்களில் பெரும்பான்மை இந்தத் தலைப்புக்குள்தான் அடங்கும் என்றே நினைக்கிறேன்.

விளக்கு மினுங்கத் தொடங்கியதும் வழக்கமாகப் போகும் பட்டறையில் காட்டினேன். “அண்ணாச்சி, நம்ம ஊரு வெயிலுக்கு இந்த மெல்லிசு ஆயிலு நிக்காது. கெட்டியா ஊத்திருவோம், வெளக்கு எரியாது, பாத்துக்கிடுங்க” என்றார் மெக்கானிக். பல ஆண்டுகள் வேன்களையும் அம்பாசடர்களையும் கழற்றிப் பூட்டிய கை; அவர் சொல்லைத் தட்டத் தோன்றவில்லை. அதுவரை இருந்த 5டபிள்யூ-30 ஆயிலை (டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரிலும், பின்னால் உள்ள எண் சூட்டிலும் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் குறிக்கும்; எண் கூடினால் கெட்டி) வடித்துவிட்டு, கனிம எண்ணெயால் ஆன 20டபிள்யூ-50 ஊற்றினார். ஃபில்டரும் கூலியும் சேர்ந்து 1,450 ரூபாய் ஆயிற்று. அவர் சொன்னபடியே விளக்கு மினுங்குவது நின்றது.

ஆனால் வேறு சில காரியங்கள் தொடங்கின. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது டைமிங் செயின் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று வினாடிகள் கலகலப்பு எழுந்தது. இந்த என்ஜினில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. ஆயில் வந்து சேரத் தாமதமானால் அதுவரை செயின் தளர்ந்தே ஆடும். பெட்ரோல் சிக்கனம் லிட்டருக்கு 17 கிலோமீட்டரிலிருந்து 16 பக்கம் இறங்கியது. சில வாரங்களுக்குப் பிறகு என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. காரின் கணினியோடு இணைத்துப் பழுதைப் படிக்கும் ஓபிடி கருவியில் பார்த்தபோது பி0011 என்ற குறியீடு வந்தது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் நேர அமைப்பு கட்டளைப்படி நடக்கவில்லை என்பது அதன் பொருள். வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு மெல்லிய துளைகள் வழியாகச் செல்லும் ஆயிலின் அழுத்தத்தையே கையாகக் கொண்டு வேலை செய்கிறது. அளவுக்கு மீறிய கெட்டி ஆயிலில் அது தாமதமாகத்தான் அசையும். குறியீட்டை அழித்த பிறகும் காலை நேரங்களில் அது திரும்ப வந்தது.

இந்தக் கட்டத்தில்தான் காரின் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். வெளிக்காற்றின் வெப்பநிலையைக் கிடைக்கோட்டில் வைத்து, எந்த எல்லைக்கு எந்த ஆயில் என்று பட்டைகளாகக் காட்டும் படம் அதில் இருக்கிறது. 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40, 15டபிள்யூ-40 ஆகிய நான்குக்கும் வெப்பப் பக்கத்தில் மேல் எல்லை போடப்படவில்லை. 20டபிள்யூ-50 அந்தப் படத்தில் எங்குமே இல்லை. அதாவது 40 டிகிரி வெயில் அடிக்கும் ஊருக்கும் 5டபிள்யூ-30 போதும் என்றே என்ஜினை வடிவமைத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் விளக்கு ஏன் மினுங்கியது, ஆயில் ஏன் குறைந்தது என்ற இரண்டு கேள்விகளும் பதிலின்றி நின்றன. அளக்காமல் மேற்கொண்டு எதையும் ஊற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அளப்பதற்கு மூன்று கருவிகள் வாங்கினேன். கைபேசியோடு புளூடூத்தில் இணையும் ஓபிடி கருவி 650 ரூபாய். கே வகை வெப்பக் கம்பி உள்ள மல்டிமீட்டர் 1,150 ரூபாய். இணைப்புத் திருகுகளோடு வரும் ஆயில் பிரஷர் கேஜ் 1,900 ரூபாய். ஓபிடி வழியே குளிர்நீரின் வெப்பநிலை கிடைத்ததே தவிர ஆயிலின் வெப்பநிலை கிடைக்கவில்லை. என் காரைப் போன்ற சிறிய கார்கள் பலவற்றில் அதற்கென உணரியே வைப்பதில்லை. ஆகவே டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு அதே குழாய் வழியே வெப்பக் கம்பியை இறக்கும் முறையைக் கையாண்டேன். டிப்ஸ்டிக்கைக் கம்பியின் அருகே வைத்து, மேல்கோடு வரும் இடத்தில் கம்பியின்மேல் வெப்பம் தாங்கும் நாடாவைச் சுற்றி அடையாளம் செய்துகொண்டால் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்துக்கு இறங்கும். என்ஜினை நிறுத்திய பிறகே கம்பியை இறக்க வேண்டும். ஓடும் என்ஜினில் அது கிராங்க் ஷாஃப்டைத் தொட்டுவிட்டால் பெரிய சேதம் நேரும். நிறுத்திய ஒரு நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். கம்பியின் துல்லியத்தைச் சரிபார்க்க, கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், 101 காட்டியது. கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத நம் ஊரில் அது ஏற்கத்தக்க பிழைதான். என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பின் அடிப்புறத்தில் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டிப் பார்க்கும் வழியையும் இரவல் கருவியில் முயன்றேன். பளபளப்பான உலோகப் பரப்பில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கறுப்பு நாடா ஒட்டிப் பார்த்தபோதும், சாலைக் காற்றில் ஆறிய உலோகத்துக்கும் உள்ளே இருக்கும் ஆயிலுக்கும் இடைவெளி இருந்தது. அதைக் கைவிட்டேன்.

முதலில் 20டபிள்யூ-50 இருக்கும்போதே சில அளவுகளை எடுத்துக்கொண்டேன். பிறகு அதை வடித்துவிட்டு, கையேடு சொன்ன சாதாரண 5டபிள்யூ-30 செயற்கை ஆயிலை 3.5 லிட்டர் கேனாக 1,600 ரூபாய்க்கு வாங்கி ஊற்றி, அதிலும் அளந்தேன். எண்களை ஒப்பிட ஒரு அடித்தளம் இல்லாமல் மூன்றாவது ஆயிலுக்குத் தாவக் கூடாது என்பதற்காகவே இந்தச் செலவு.

வெப்ப அளவுகள் நான் எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தன. ஊருக்குள் குறுந்தூரம் ஓடி நிறுத்தினால், குளிர்நீர் 88 டிகிரிக்கு வந்துவிட்ட பிறகும் ஆயில் 70க்கும் 80க்கும் இடையிலேயே இருந்தது. ஆயில் சூடாக நீரைவிட அதிக நேரம் எடுக்கிறது. நான்குவழிச் சாலையில், வெளிக்காற்று 28 டிகிரியாக இருக்கும் அதிகாலையில், நூறு கிலோமீட்டர் வேகத்தில் நாங்குநேரி தாண்டி நிறுத்திப் பார்த்தால் 100 டிகிரி. அதே சாலையில், அதே வேகத்தில், வெளிக்காற்று 39 டிகிரி தொடும் பிற்பகலில் ஏசியும் ஓட 107 டிகிரி. புளியரை எஸ் வளைவைத் தாண்டி, முழுச் சுமையோடு, பெரும்பாலும் இரண்டாம் கியரில் ஏறி நிறுத்தியபோது 113 டிகிரி. அதுதான் நான் கண்ட உச்சம். வெளியே 11 டிகிரி கூடினால் உள்ளே ஆயிலில் 7 டிகிரி கூடுகிறது, அவ்வளவே. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் விசிறியும் குளிர்நீரை ஒரு குறுகிய எல்லைக்குள் பிடித்து வைப்பதால், வெயிலின் முழு வேகமும் ஆயிலுக்குச் சென்று சேர்வதில்லை. இதே பிற்பகல் ஓட்டத்தில் 20டபிள்யூ-50 ஆயில் 110 டிகிரி காட்டியது. கெட்டி ஆயிலைக் கலக்கவும் தள்ளவும் என்ஜின் கூடுதலாக உழைக்கிறது. அந்த உழைப்பு வெப்பமாகிறது. இரண்டும் ஒரே நாளில் எடுத்த அளவுகள் இல்லையாதலால் மூன்று டிகிரி என்பதைத் துல்லியமாகக் கொள்ள வேண்டாம், ஆனால் திசை தெளிவாக இருந்தது.

அடுத்தது அழுத்தம். என்ஜின் பிளாக்கில் ஆயில் விளக்குக்கான சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் கேஜின் குழாயைத் திருக வேண்டும். துளையின் திருகு எட்டில் ஒரு அங்குலக் கூம்புத் திருகு. கேஜோடு வந்த இணைப்புகளில் ஒன்று பொருந்தியது. சுவிட்சைக் கழற்ற ஆழமான சாக்கெட் தேவை, சாதாரண ஸ்பேனர் அங்கே திரும்பாது. குழாய் புகைபோக்கி மேனிஃபோல்டைத் தொடாதபடி கம்பியால் கட்டிக்கொண்டேன். சூடான உலோகத்தில் ரப்பர் குழாய் உருகி ஆயில் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். 20டபிள்யூ-50 ஆயிலில், காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேஜ் முள் 75 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை பாய்ந்தது. பார்ப்பதற்கு நிறைவாக இருந்தாலும் அது நல்ல செய்தி இல்லை. ஆயில் பம்பில் இருக்கும் ரிலீஃப் வால்வு திறந்து, பேரிங்குகளுக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதி பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்கே திரும்பிவிடுகிறது என்பதையே அந்த உயரம் காட்டுகிறது. கேஜ் காட்டுவது ஆயில் சந்திக்கும் தடையைத்தான். எவ்வளவு ஆயில் பாய்கிறது என்பதை அது காட்டாது. சூடான பிறகு ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, 26 பிஎஸ்ஐ. சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலில் காலையில் 62, சூடான ஐடிலில் 17, நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் 46.

இந்த 17 என்ற எண்தான் முடிச்சை அவிழ்த்தது. ஆயில் விளக்குச் சுவிட்சுகள் பொதுவாக 3 முதல் 6 பிஎஸ்ஐ வரையிலான அழுத்தத்துக்குக் கீழே இறங்கினால்தான் விளக்கை எரிய விடும். 17 பிஎஸ்ஐ இருக்கும் என்ஜினில் விளக்கு மினுங்கக் காரணமில்லை. கழற்றி வைத்திருந்த சுவிட்சின் மேல்புறத்தைத் துடைத்துப் பார்த்தால், வயர் செருகும் இடத்தில் ஆயில் கசிந்து கருத்திருந்தது. உள்ளே இருக்கும் மெல்லிய தகடு பழுதாகிவிட்டிருந்தது. புதிய சுவிட்ச் 290 ரூபாய். அதை மாட்டிய பிறகு, அதே மெல்லிய ஆயிலில், அதே வண்ணார்பேட்டை நெரிசலில், விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. கெட்டி ஆயில் செய்த வேலை, பழுதான சுவிட்சும் தாங்கும் அளவுக்கு அழுத்தத்தை உயர்த்திப் பழுதை மறைத்தது மட்டுமே. ஆயில் விளக்கு மினுங்கும் எவரும் ஆயிலை மாற்றும் முன் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். கேஜில் உண்மையாகவே அழுத்தம் குறைந்திருந்தால் பம்போ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போதும் கெட்டி ஆயில் அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்யாது.

ஆயில் குறைவதற்கு இரண்டு காரணங்களைத் தேடினேன். கிராங்க் அறையின் ஆவியை அளவோடு இன்டேக் பக்கம் திருப்பிவிடும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தால் கிலுகிலு என்ற ஒலி வரவேண்டும். என்னுடையதில் வரவில்லை, பிசின் போன்ற படிவு உள்ளே இறுகிக் கிடந்தது. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் கிராங்க் அறையின் ஆயில் ஆவியை இன்டேக் பக்கம் அளவில்லாமல் இழுத்து எரித்துவிடும். புதியது 260 ரூபாய், ஐந்து நிமிட வேலை. இன்னொரு காரணம் ஆயிலின் ஆவியாகும் தன்மை, அது தேர்வோடு சேர்ந்தது.

இனித் தேர்வு. கடைக் கேனின் முன்புறத்தில் பெரிதாக அச்சிடப்படும் எண்களை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது என்பது தரவுத் தாள்களைப் படித்தபோது விளங்கியது. ஒவ்வொரு உற்பத்தியாளரும் தம் ஆயிலுக்கு ஒரு பக்க அளவில் தரவுத் தாள் வெளியிடுகிறார்கள். அதில் நான் பார்த்தவை நான்கு எண்கள்: 40 டிகிரியிலும் 100 டிகிரியிலும் பாகுத்தன்மை (ஆயிலின் கெட்டித்தன்மை), 150 டிகிரியில் அதிவேக உராய்வின்கீழ் நிற்கும் பாகுத்தன்மை, ஆவியாதல் சதவீதம்.

ஆயில் கருப்பட்டிப் பாகைப் போல ஆறினால் இறுகி, சுட்டால் நீர்த்துவிடும். ஆகவே ஒரே ஒரு வெப்பநிலையில் எவ்வளவு கெட்டி என்று கேட்பதில் பொருளில்லை. வாகனப் பொறியாளர்கள் அமைப்பான எஸ்ஏஇயின் தரப்படி, 30 என்ற எண் பெறும் ஆயில் 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (பாகுத்தன்மையின் அலகு) இருக்க வேண்டும். 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9. ஒரே எண்ணுக்குள்ளேயே இவ்வளவு அகலம் இருக்கிறது. நான் அடித்தளமாக ஊற்றிய சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலின் தாளில் 100 டிகிரிக்கு 10.5 என்றிருந்தது. 40 டிகிரி அளவையும் சேர்த்துக் கணக்கிட்டால், 107 டிகிரியில் அது 9.1 ஆக இறங்கும். ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர்களின் ஏசிஇஏ அமைப்பு வகுத்த சி3 தரம் பெற்ற இன்னொரு 5டபிள்யூ-30 ஆயிலின் தாளில் 100 டிகிரிக்கு 12.0 இருந்தது; 107 டிகிரியில் அது 10.4. அதாவது இந்த இரண்டாவது ஆயில், நெல்லையின் 39 டிகிரிப் பிற்பகலில், முதல் ஆயில் 28 டிகிரி அதிகாலையில் எவ்வளவு கெட்டியாக இருக்குமோ ஏறத்தாழ அவ்வளவு கெட்டியாக இருக்கும். வெயில் எடுத்துக்கொள்வதை ஈடுசெய்ய எனக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். 50ஆம் எண்ணுக்குத் தாவத் தேவையில்லை.

காலைப் பொழுதின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 28 டிகிரியில் சி3 ஆயில் 118 சென்டிஸ்டோக் அளவில் இருக்கும். 20டபிள்யூ-50 முந்நூறை ஒட்டி நிற்கும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் பனிநாடுகளுக்குத்தான், நமக்கு எதற்கு என்று பலரும் ஒதுக்குகிறார்கள். 5டபிள்யூ ஆயிலின் குளிர்ச் சோதனை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில் நடப்பது உண்மையே, அந்தக் குளிர் மலைமேல் இருக்கும் மாஞ்சோலையிலும் இல்லை. ஆனாலும் நம் வீட்டு முற்றத்தில் விடியற்காலையில் நிற்கும் என்ஜினுக்கு இந்த இரண்டு ஆயில்களுக்கும் இடையே இரண்டரை மடங்கு வேறுபாடு இருக்கிறது. காலையில் கேட்ட செயின் ஒலிக்கு விளக்கம் அதில் கிடைத்தது.

மூன்றாவது எண் மிக முக்கியமானது. 150 டிகிரியில், பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் நசுங்கும்போது ஆயிலின் படலம் எவ்வளவு நிற்கிறது என்பதை எச்டிஎச்எஸ் என்று குறிக்கிறார்கள். 30ஆம் எண் ஆயிலுக்குக் குறைந்தபட்சம் 2.9 இருந்தால் போதும். சி3 தரம் வேண்டுமென்றால் 3.5 இருந்தாக வேண்டும். 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 ஆயில்களுக்கு எஸ்ஏஇ கேட்பதும் அதே 3.5தான். ஆக, சி3 தரம் உள்ள 30ஆம் எண் ஆயில், பேரிங்கின் கண்ணுக்கு 40ஆம் எண் ஆயிலாகவே தெரிகிறது, செயினுக்கும் வால்வு நேர அமைப்புக்கும் மெல்லிய ஆயிலாகவே போய்ச் சேர்கிறது. நான்காவது, நோவாக் முறையில் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் ஆவியாகிப் போகும் எடை: அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ எஸ்பி தரத்து 5டபிள்யூ-30 ஆயில்களுக்கு 15 சதவீதம் வரை அனுமதி; சி3 தரத்துக்கு 13. நீண்ட சூடான ஓட்டத்தில் டிப்ஸ்டிக் இறங்குவதில் இதற்கும் பங்குண்டு. 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஏபிஐ எஸ்பி தரத்தில் டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் சேர்க்கப்பட்டிருப்பதால், சி3, எஸ்பி ஆகிய இரண்டு குறிகளும் ஒரே கேனின் பின்புறத்தில் இருக்கும் 5டபிள்யூ-30 வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

முதல் கடைகளில் இந்தக் கேள்விக்குப் பழக்கம் இல்லை. “பெட்ரோலா டீசலா சொல்லுங்க சார்” என்பதோடு பேச்சு நின்றது. ஜங்ஷன் பக்கம் உள்ள ஒரு அங்கீகரிக்கப்பட்ட விநியோகக் கடையில், டீசல் கார்களுக்காக வைத்திருந்த அடுக்கில் அது கிடைத்தது. லிட்டர் 720 ரூபாய்; நான்கு லிட்டர் டப்பாக்கள் 2,880. மூடியின் வளையம் உடையாமல் இருப்பதையும், டப்பாவிலும் மூடியிலும் உள்ள தொகுதி எண்களையும், உற்பத்தித் தேதியையும் பார்த்து, ரசீதோடு வாங்கினேன். போலி ஆயில் நடமாடும் சந்தையில் தரவுத் தாளைப் படிப்பது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இது. காலியான டப்பாக்களை அறுத்த பிறகே பழைய சாமான் கடைக்குக் கொடுக்க வேண்டும்.

மாற்றும் வேலை எளிது. கால் மணி நேரம் ஓட்டிவிட்டுச் சற்று ஆறவிட்டு, சமதளத்தில் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டுகளின்மேல் இறக்கிய பிறகே காருக்கு அடியில் போனேன். 17ஆம் எண் ரிங் ஸ்பேனரால் ட்ரெயின் போல்ட்டைத் திறந்து, கடைசிச் சொட்டு வரை இருபது நிமிடம் விட்டேன். வடிந்ததை அளவுச் சாடியில் ஊற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம். எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு திரும்பியது என்பதிலிருந்து என்ஜின் உண்ட அளவு தெரிந்துவிடும். புதிய ஃபில்டர் 120 ரூபாய், அதன் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவிக் கைப்பலத்தால் மட்டுமே இறுக்கினேன். புதிய செம்பு வாஷர் 20 ரூபாய். போல்ட்டை டார்க் ரெஞ்சில் 35 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கினேன். அலுமினிய சம்பில் கைவாக்கில் இறுக்கி மரையை அழித்துவிட்டால், பிறகு அது ஆயில் செலவைப் பல மடங்கு விழுங்கும். கையேட்டின் அளவு ஃபில்டரோடு 3.1 லிட்டர். முதலில் 2.8 ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து, மீதியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே நிறுத்தினேன்.

வடித்த ஆயிலைப் பனங்கைக்கும் வேலிக் கல்லுக்காலுக்கும் கரையானுக்காகப் பூசும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அதில் கரைந்துள்ள நஞ்சுகள் மண்ணிலும் கிணற்றிலும் போய்ச் சேர்கின்றன. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளிலும் பயன்படுத்திய ஆயில் சேர்க்கப்பட்டிருக்கிறது. பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையம் ஒன்றில் என்னுடையதை ஒப்படைத்தேன்.

புதிய ஆயிலில் அழுத்தம்: காலையில் 64, சூடான ஐடிலில் 20, மூவாயிரம் சுற்றில் 50. காலைச் செயின் ஒலி மறைந்தது. பி0011 திரும்பவில்லை. பெட்ரோல் சிக்கனம் 17க்கு ஒட்டி மீண்டது; சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலிலிருந்து வேறுபாடு கண்டுபிடிக்கும் அளவுக்கு இல்லை. அளவு இறங்குவது குறைந்ததில் பிசிவி வால்வுக்கு எவ்வளவு பங்கு, ஆயிலுக்கு எவ்வளவு பங்கு என்று இந்த அளவுகளை வைத்துப் பிரிக்க முடியாது. வால்வை மாற்றியபின் சாதாரண ஆயிலிலேயே ஒரு கோடையை ஓட்டியிருந்தால்தான் அது தெரிந்திருக்கும். வேறொரு காரில் இதைச் செய்பவர்கள் ஒவ்வொன்றாக மாற்றுவது நல்லது.

கருவிகளுக்கு 3,700, உதிரிகளுக்கு 690, கடைசி ஆயிலுக்கு 2,880 என்று 7,270 ரூபாய். பட்டறையில் ஊற்றிய கெட்டி ஆயிலும் ஒப்பீட்டுக்கான ஆயிலும் சேர்ந்து இன்னும் 3,050. விளக்கு மினுங்கிய அன்றே கேஜ் வைத்திருந்தால் இந்தப் பின் தொகை முழுவதும் மிஞ்சியிருக்கும்.

மாற்றும் இடைவெளியைப் பொறுத்தவரை, கையேடு சாதாரணப் பயன்பாட்டுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்றும், கடினமான பயன்பாட்டுக்கு அதில் பாதி என்றும் சொல்கிறது. விலை உயர்ந்த ஆயில் என்பதற்காக நான் அதை நீட்டவில்லை. குறுந்தூர ஓட்டத்தில் ஆயில் 80 டிகிரியைக்கூடத் தாண்டாததால், அதில் கலக்கும் பெட்ரோலும் ஈரமும் ஆவியாக வழியின்றித் தங்கிவிடுகின்றன. கோடையிலும் இதே நிலைதான் என்பதை வெப்பக் கம்பி காட்டிவிட்டது. ஆகவே 5,000 அல்லது ஆறு மாதம். நடுவே டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வடிதாளில் விட்டு மறுநாள் பார்க்கிறேன்: கருமை சீராகப் பரவினால் தொடரலாம், நடுவில் திட்டாக இறுகி, சுற்றிலும் வெளிர்வளையம் நின்றால் மாற்ற வேண்டும். தேரிக்காட்டுப் பக்கம் போய்வந்தால் ஏர் ஃபில்டரையும் அதன் உறையின் விளிம்பையும் கட்டாயம் பார்க்கிறேன். அந்த நுண்மணல் சிலிண்டருக்குள் புகுந்தால் எந்த ஆயிலும் காப்பாற்றாது.

இதே முடிவை எல்லாக் கார்களுக்கும் பொருத்தக் கூடாது. 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 என்று மட்டுமே கையேடு சொல்லும் புதிய என்ஜின்களில் பம்பும் துளைகளும் அதற்கென்றே அமைந்தவை. உத்தரவாதக் காலத்தில் கையேட்டை மீறவே வேண்டாம். புகை வடிகட்டி உள்ள பிஎஸ்-6 டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைந்த, கையேடு குறிப்பிடும் சி வரிசை ஆயில் கட்டாயம். மலிவான வேன் ஆயிலை ஊற்றினால் வடிகட்டி நாளடைவில் அடைபடும். பேட்டையில் தெரிந்தவர் ஒருவர் வைத்திருக்கும் பழைய அம்பாசடருக்கு 20டபிள்யூ-50 பொருத்தமானதே. அகலமான இடைவெளிகளோடு அந்தக் காலத்து ஆயிலுக்காகவே செய்த என்ஜின் அது. என் மெக்கானிக்கின் அறிவுரை அந்த என்ஜின்களில் கைகண்டது. அளவுகளை அவரிடம் காட்டினேன். நெடுநேரம் கேஜைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் ஒரு வேனுக்கு இரவல் கேட்டார். இப்போது அது அவர் பட்டறையில்தான் இருக்கிறது.

அடுத்த முறை ட்ரெயின் போல்ட்டுக்குப் பதிலாக, நடுவில் வெப்ப உணரி பொருத்திய போல்ட்டைப் போட்டு, வயரை உள்ளே டேஷ்போர்டு வரை இழுக்க எண்ணியிருக்கிறேன். சம்பின் மரை 14 மில்லிமீட்டர், 1.5 இடைவெளி, அதற்குப் பொருந்தும் உணரி போல்ட் கிடைக்கிறது. தரையிலுள்ள மேடுகளில் தட்டாமல் இருக்க அதன் தலை எவ்வளவு நீளலாம் என்பதை அளந்துவிட்டு வாங்க வேண்டும். மலையேற்றத்தில் நிறுத்திய பிறகு அல்லாமல், ஏறும்போதே ஆயில் எவ்வளவு சுடுகிறது என்பது அதில்தான் தெரியும்.